ஆரஞ்சுப் பழத்தில் படரும் பச்சைப் பூஞ்சணம்

சில மாதங்களுக்கு முன், காலையில் வார்டைச் சுற்றி வந்தபோது ஒரு காட்சியைக் கண்டேன். இரண்டாம் சுற்றுக் கீமோதெரபி முடிந்திருந்த கணவருக்காக ஓர் அம்மையார் சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தார். பழத்தின் ஒருபுறம் பச்சை பூத்திருந்தது. அந்தப் பகுதியை மட்டும் கத்தியால் செதுக்கி எறிந்துவிட்டு எஞ்சியதைப் பிழிந்தார். தடுத்தபோது, “பெனிசிலின் மருந்தே இதிலிருந்துதானே டாக்டர் எடுக்கிறார்கள்?” என்று கேட்டார். படித்தவர், அவர் கேட்டதில் பாதி உண்மையும் இருந்தது. மற்றப் பாதியை விளக்கவே இக்கட்டுரை.

ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை ஆகியவற்றில் நாம் காணும் பச்சைப் பூஞ்சணத்தின் பெயர் பெனிசிலியம் டிஜிடேட்டம். நுண்ணோக்கியில் இதன் வித்துகளைத் தாங்கும் கிளைகள் சிறு தூரிகை போலத் தோன்றும். தூரிகையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே பெனிசிலியம் என்ற பேரினப் பெயர் பிறந்தது. முழுமையான தோலைத் துளைக்கும் ஆற்றல் இதற்கு இல்லை. பறிக்கும்போது பட்ட நகக்கீறல், கூடையில் உரசிய காயம், காம்பு பிய்ந்த இடம் ஆகியவையே இதன் வாயில்கள். முதலில் தோலில் நீர் கோத்த மென்மையான புள்ளி தோன்றும். பின்னர் வெண்ணிறப் படலம் பரவி, அதன் நடுவே ஆலிவ் பச்சைத் தூள் திரளும். அந்தத் தூள் முழுவதும் வித்துகளே. இலேசாகத் தொட்டாலும் அவை காற்றில் பறந்து பக்கத்துப் பழங்களின்மேல் படியும். அன்றியும், இப்பூஞ்சணம் எத்திலீன் வாயுவை வெளியிடுவதால் அருகிலுள்ள பழங்களும் விரைந்து முதிர்ந்து தளர்கின்றன.

இனி பெனிசிலினுக்கு வருவோம். 1928-இல் இலண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்தது இதன் உறவினமான வேறொரு பெனிசிலியம். மருந்தைப் பெருமளவில் தயாரிக்க உதவிய வகை 1943-இல் அமெரிக்காவின் பியோரியா நகரில் ஒரு பூஞ்சணம் பிடித்த முலாம்பழத்திலிருந்து கிடைத்தது. ஆரஞ்சின் பச்சைப் பூஞ்சணத்திலிருந்து அம்மருந்து எடுக்கப்படுவதில்லை. மேலும் பெனிசிலின் பாக்டீரியாவை அழிக்குமே தவிர, பூஞ்சைகளை ஒன்றும் செய்யாது.

அப்படியானால் இது ஆளைக் கொல்லும் நஞ்சா? அதுவும் இல்லை. சுமார் 25 டிகிரி செல்சியஸில் செழிக்கும் இப்பூஞ்சணம், நம் உடலின் 37 டிகிரி வெப்பத்தில் வளர்வதில்லை. எனவே இது மனிதருக்கு நோய் தருவது மிக மிக அரிது. நலமாயிருப்பவர் தெரியாமல் ஒரு சுளை தின்றுவிட்டால் கசப்பும் சற்று வயிற்றுக் குமட்டலும் உண்டாகலாம், அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் அழுகிய பழத்தில் ஒரே ஓர் உயிரி மட்டும் குடியிருப்பதில்லை. தோல் திறந்துவிட்டால் பிற பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டுகளும் உள்ளே நுழைகின்றன. கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்தவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகியோருக்கு அவற்றை எதிர்க்கும் வலிமை குறைவு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வித்துத்தூளே இழுப்பைத் தூண்டக்கூடும். முகர்ந்து பார்த்துப் பழத்தைச் சோதிக்கும் நம் வழக்கத்தை இவர்கள் கைவிட வேண்டும்.

செதுக்கி எறிவதால் பயனில்லை. கண்ணுக்குத் தெரியும் பச்சை மேற்பரப்பு மட்டுமே. நூலிழைகள் சாறு நிறைந்த சதைக்குள் ஏற்கெனவே ஊடுருவியிருக்கும். முழுப் பழத்தையும் ஒரு பையில் மெதுவாக இட்டு, இறுகக் கட்டி, குப்பையில் சேர்த்துவிடுங்கள். உடனிருந்த பழங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். காயமோ மென்மையோ இல்லாதவற்றைக் கழுவித் துடைத்து விரைவில் பயன்படுத்தலாம். தோலைத் தின்னப்போவதில்லை என்றாலும், அறுப்பதற்கு முன் ஓடும் நீரில் கழுவுவது அவசியம். தோலிலுள்ளதைக் கத்தி உள்ளே கொண்டு செல்லும். குளிர்சாதனப் பெட்டி இதன் வளர்ச்சியைத் தாமதப்படுத்துமேயன்றி அழித்துவிடாது. இதன் உடன்பிறப்பான நீலப் பூஞ்சணம் குளிரையும் நன்கு தாங்கும்.

நோயாளியைப் பார்க்க வருவோர் ஆளுக்கொரு பை ஆரஞ்சு கொண்டுவருவது அன்பின் அடையாளம்தான். நான்கு நாள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பைதான் சிக்கல். தினமும் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். வெள்ளணு எண்ணிக்கை குறைந்திருக்கும் நோயாளி பூஞ்சணம் பிடித்த பழத்தை உண்டுவிட்டால் மறைக்காமல் செவிலியரிடம் தெரிவியுங்கள். வீட்டில் இருக்கும்போது உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், காரணம் பழமா வேறெதுவா என்று ஆராய்ந்துகொண்டிராமல், நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.