தட்டை பெட்ரோலுக்குப் போனால், காட்டுக்கு எரு ஏது?

இன்று பங்க்கில் நாம் போடும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால். கரும்பு, அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்துதான் அது பெரும்பாலும் வருகிறது. 2018-ல் வெளியான தேசிய உயிரி எரிபொருள் கொள்கையில் இன்னொரு பயிரும் இருக்கிறது. அது இனிப்புச் சோளம். ஸ்வீட் கார்ன் அல்ல. நம் வெள்ளைச் சோளத்தின் உறவு. தட்டையைக் கடித்தால் கரும்புபோல இனிக்கும். தண்ணீரோ கரும்பைவிட வெகு குறைவாகப் போதும்.

மழை ஏய்க்கும் காலத்துக்கு ஏற்ற பயிர் என்று இதைச் சொல்கிறார்கள். போடிநாயக்கனூர் போன்ற ஊர்களுக்கு இது பொருந்துமா?

மேலே ஏலக்காய்... கீழே சோளம்

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களை நனைக்கும் தென்மேற்குப் பருவமழை, மலையின் இந்தப் பக்கம் அவ்வளவாக எட்டுவதில்லை. அடிவார மானாவாரிக் காடுகள் வடகிழக்குப் பருவமழையைத்தான் நம்பியிருக்கின்றன. அங்கே சோளத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கதிர் வீட்டுக்கு, தட்டை மாட்டுக்கு, சாணம் மறுபடி காட்டுக்கு.

தட்டை ஆலைக்குப் போனால் இந்தச் சுற்று அறுந்துவிடும். பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பங்கு தட்டையில்தான் இருக்கிறது. மானாவாரிச் சோளத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, ஹெக்டேருக்குத் தழைச்சத்து 40 கிலோ, மணிச்சத்து 20 கிலோ. சாம்பல்சத்து அதில் இல்லை. கூடவே 12.5 டன் தொழுவுரமும் போடச் சொல்கிறார்கள். மாடு இல்லாத வீட்டில் அந்த உரத்துக்கு எங்கே போவது?

யூரியா கூடினால்...

40 கிலோ தழைச்சத்து என்றால், ஏக்கருக்குச் சுமார் 35 கிலோ யூரியா. 45 கிலோ மூட்டையில் ஒன்றுகூட முழுதாக வேண்டாம். எருவின் குறையை யூரியாவால் ஈடுகட்ட நினைத்தால் இரண்டு வகையில் நஷ்டம். சரிவு நிலத்தில் ஒரு பெருமழை அடித்தாலே காசு ஓடையில் போய்விடும். மண்ணில் மிஞ்சும் தழைச்சத்தில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாகும். அது கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு பூமியைச் சூடாக்கும். பூமியைக் காக்கப் பயிரிட்டு, பூமியையே சூடாக்கிய கதைதான்!

சோளமே ஒரு கை கொடுக்கிறது. அதன் வேரில் சுரக்கும் சோர்கோலியோன் என்ற பொருள், தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி வீணாவதைத் தாமதப்படுத்துகிறது. ஜப்பானின் ஜிர்காஸ் ஆய்வு நிறுவனமும் ஹைதராபாத்தின் இக்ரிசாட்டும் இதை ஆராய்ந்திருக்கின்றன.

என்ன செய்யலாம்?

* மண் பரிசோதனை செய்து உரம் போடுங்கள்.
* விதையை அசோஸ்பைரில்லத்தில் நேர்த்தி செய்யுங்கள்.
* யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல், மண்ணில் ஈரம் இருக்கும்போது பிரித்துப் போடுங்கள்.
* சரிவுக்குக் குறுக்கே உழுது விதையுங்கள்.
* வறட்சியில் வாடிய இளஞ்சோளத்தில் மாட்டை விடாதீர்கள். அதில் நஞ்சு ஏறியிருக்கும். யூரியா கூடினால் அது இன்னும் கூடும்.

தெலங்கானாவின் மேதக் பகுதியில் 2007-லேயே ருஸ்னி என்ற ஆலை இனிப்புச் சோளத்திலிருந்து எத்தனால் எடுத்தது. வெட்டிய தட்டையில் சர்க்கரை வேகமாகக் குறையும் என்பதால், ஆலை பக்கத்தில் இருந்தால்தான் கட்டுப்படியாகும். நாளை இங்கேயும் ஓர் ஆலை வந்து தட்டை கேட்டால், டன்னுக்கு என்ன விலை என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: 'பிழிந்த சக்கையும் கழிவு உரமும் எங்கள் காட்டுக்குத் திரும்பி வருமா?'