கயிற்றை இழுப்பது யார்? கடை ஊழியர்களை ஓர் அணியாக்கும் விளையாட்டுகள்

'டீம் பில்டிங்' என்பது கொழும்பிலுள்ள பெரிய கம்பனிகளுக்கு மட்டும் உரிய விடயம் என்றே எமது வர்த்தகர்களில் பலர் நினைக்கின்றனர். ஊழியர்களை பஸ்ஸில் ஏற்றிச் சென்று, ஹோட்டலில் தங்கவைத்து, ஒரே நிற டீ-சேர்ட் அணிவித்துப் படம் எடுப்பதுதான் அது என்றால், கல்முனை பஸாரில் ஆறேழு பேரை வைத்துக் கடை நடத்தும் ஒருவருக்கு அதனால் பெரிய பயன் எதுவும் இல்லைதான். ஆனால் ஆறேழு பேர் ஒரே கூரையின் கீழ் வேலை செய்வதால் மாத்திரம் அவர்கள் ஓர் அணியாகி விடுவதில்லை. அதனால் வரும் நட்டம் முதலாளியின் கல்லாவில்தான் விழுகிறது.

இதனைக் கயிறு கொண்டு அளந்து பார்த்த ஒருவர் இருக்கிறார். பிரான்ஸ் நாட்டு விவசாயப் பொறியியலாளரான மெக்ஸ் ரிங்கல்மன், 1880களில் ஆட்களைத் தனியாகவும் கூட்டாகவும் இழுக்கவைத்து அவர்களது இழுவிசையை அளந்தார். முடிவுகளை 1913 இல் வெளியிட்டார். தனியாக இழுக்கும் ஒருவரின் பலத்தை 100 என்று வைத்தால், இருவர் சேரும்போது ஆளுக்கு 93, நால்வர் சேரும்போது 77, எட்டுப் பேர் சேரும்போது வெறும் 49. அதாவது எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுத்து நான்கு பேரின் வேலையைப் பெறும் கணக்கு!

ஒருவர் இழுக்கும் நேரத்தில் மற்றவர் இழுக்காமல் விடுவது இதற்கு ஒரு காரணம். அது மட்டுமல்ல. 1974 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒருவரின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பதுபோல் நடித்தார்களே தவிர இழுக்கவில்லை. அப்படியிருந்தும் முன்னால் நின்றவரின் இழுவை குறைந்தது. பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பே அதற்குப் போதுமாக இருந்தது. பின்னர் 1981 இல் வெளியான ஓர் ஆய்வு மருந்தையும் சொன்னது. ஒவ்வொருவரின் பங்கும் தனித்தனியே தெரியவரும் என்று அறிந்தால் மனிதர்கள் கூட்டத்திலும் முழுமூச்சாக முயல்கிறார்கள்.

எமது கரைவலைக்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. கையால் வலை இழுக்கும்போது கரையில் இரண்டு கயிற்றுக்கு இரண்டு கூட்டம் நிற்கும். ஒரு பக்கம் முந்தி மறு பக்கம் பிந்தினால் வலை கோணிவிடும், மீன் தப்பிவிடும். அம்பாப் பாட்டு பாடி இழுத்தது வெறும் பொழுதுபோக்குக்காக அல்ல. எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும் என்பதற்காகவே.

சரி, எமது கடைகளில் என்ன செய்யலாம்? அதிகம் செலவில்லாத நான்கு வழிகளைச் சொல்கிறேன்.

கயிறிழுத்தல்: 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலும் இடம்பெற்ற விளையாட்டு இது. பாண்டிருப்பிலிருந்து நிந்தவூர் வரை எமது ஊர்களுக்குக் கடற்கரை இருக்கிறது. நல்ல கயிறொன்று போதும். அணி பிரிக்கும்போது கவுண்டரில் நிற்பவர்கள் ஒரு பக்கம், ஸ்டோர்காரர்கள் மறு பக்கம் என்று விடாதீர்கள். கலந்து விடுங்கள். முதலாளியும் ஒரு பக்கத்தில் கயிற்றைப் பிடிக்க வேண்டும். கதிரையில் இருந்து பார்த்தால் அது வேடிக்கையாகிவிடும்.

சாமான் தேடும் போட்டி: கடை திறப்பதற்கு முன் அரை மணித்தியாலம் போதும். காசாளரையும் மூட்டை இறக்கும் நாட்டாமையையும் ஒரு சோடியாக்குங்கள். ஒவ்வொரு சோடிக்கும் பத்துப் பொருள்களின் பட்டியலைக் கொடுத்து ஸ்டோரில் தேடி எடுக்கச் சொல்லுங்கள். நான் போய்வரும் ஒரு மொத்த வியாபாரக் கடையில் இதனைச் செய்து பார்த்தோம். அங்கு கவுண்டர் பையனும் ஸ்டோர்காரரும் மூன்று மாதமாகப் பேசுவதில்லை. ஸ்டோரில் சாமான் இருக்க, கேட்டு வந்த சில்லறைக் கடைக்காரருக்கு 'முடிஞ்சி' என்று பதில் போய்க்கொண்டிருந்தது. போட்டிக்குப் பிறகு இருவரும் நண்பர்களாகி விடவில்லை. ஆனால் 'இல்லை' என்று சொல்லுமுன் உள்ளே கூப்பிட்டுக் கேட்கும் பழக்கம் வந்தது. முதலாளிக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஈர்க்குக் கோபுரம்: பீட்டர் ஸ்கில்மன் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய போட்டி இது. நால்வர் கொண்ட குழுவுக்கு 20 ஸ்பெகட்டிக் குச்சிகள், ஒரு யார் ஒட்டும் டேப், ஒரு யார் நூல், ஒரு மார்ஷ்மெலோ மிட்டாய். 18 நிமிடத்தில் கட்டும் கோபுரத்தின் உச்சியில் அந்த மிட்டாய் நிற்க வேண்டும். இதனைப் பல இடங்களில் நடத்திய டொம் வுஜெக் 2010 இல் சொன்னது, வர்த்தகப் பட்டதாரிகளை விட பாலர் பாடசாலைப் பிள்ளைகள் நன்றாகக் கட்டினார்கள் என்பதாகும். பெரியவர்கள் யார் தலைவர் என்பதில் நேரத்தைப் போக்க, பிள்ளைகள் கட்டிக் கட்டிப் பார்த்துத் திருத்தினார்கள். நிறுவனத் தலைவர்கள் தனியே கட்டியதை விட, தமது அலுவலக உதவியாளரைச் சேர்த்துக்கொண்டபோது கோபுரம் உயர்ந்தது. எமக்கு ஈர்க்கும் ஒரு சின்னத் தேசிக்காயும் போதும். யார் யோசனை சொல்கிறார், யாருடைய யோசனை கேட்கப்படாமல் போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

கூட்டுச் சமையல்: ஒலுவிலுக்கோ அறுகம்பேக்கோ போய், ஆளுக்கொரு வேலை பிரித்துச் சமைத்து, ஒரே சஹனில் சாப்பிடுங்கள். சஹனில் முதலாளிக்குத் தனிக் கோப்பை இல்லை. மேசைக்கு அப்பால் சொல்லப்படாத பல விடயங்கள் அங்கு பேச்சில் வரும். கேட்டுக்கொள்ளுங்கள், அந்த இடத்திலேயே பதில் சொல்லப் போகாதீர்கள்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. 1997 இல் தாய்வான் தலைநகர் தாய்பேயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இழுத்த கயிறு அறுந்து, இருவர் தமது கையை இழந்தனர். எனவே தரமான கயிறு வேண்டும். அதனைக் கையில் சுற்றிக்கொள்ள யாரையும் விடக்கூடாது. பிரஷர், முதுகுவலி உள்ள மூத்த ஊழியரை நடுவராக்குங்கள். பெண் ஊழியர்களிடம் எது வசதி என்று முன்கூட்டியே கேளுங்கள். பந்தயம் கட்டுவதும் தோற்றவரைக் கேலி செய்வதும் வேண்டாம். அஸருக்குப் பின் தொடங்கினால் வெயிலும் தணிந்திருக்கும்.

இன்னொன்று முக்கியமானது. 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்திற்கு 45 மணித்தியாலம். வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையும் உண்டு. அந்த விடுமுறையைப் பறித்து விளையாட அழைத்தால், அது ஊழியருக்கு இன்னொரு வேலையாகவே தெரியும். விளையாட்டு வேலை நேரத்திலேயே நடக்கட்டும்.

சம்பளம் பிந்துகின்ற கடையில் எந்த விளையாட்டும் பயன் தராது என்பதையும் மறக்கக்கூடாது. 2022 இல் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நாட்டிலிருந்து வேலைக்காக வெளிநாடு சென்றனர். கட்டாரின் சம்பளத்தோடு எமது கடைகள் போட்டியிட முடியாது. ஆனால் தொழில் தெரிந்த ஒருவர், 'இங்கே நான் செய்வதை யாரும் காண்பதில்லை' என்ற மனக்குறையோடு போவதை எம்மால் தடுக்க முடியும்.

விளையாட்டு முடிந்த மறுநாள் காலை, பிளேன்டீ குடிக்கும் நேரத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நேற்று யார் செய்தது உனக்கு உதவியாக இருந்தது?" வரும் பதில்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எவருடைய வாயிலும் வராத பெயர் ஒன்று இருந்தால், முதலில் பேச வேண்டியது அவருடன்தான். பெருநாள் வியாபாரம் சூடுபிடிக்கும் முன்னர் இதற்காக ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிப் பாருங்கள்.