பிரிந்த பெட்டியை நிறுத்துவது எது?
இழுவைப்பெட்டியின் அவசரத் தடுப்பும் அதன் மின்கலவடுக்கும்

மன்னார் மாவட்டத்தின் தென்புறக் கரையில், வில்பத்து வனத்தை அண்டி அமைந்துள்ள ஊர் முள்ளிக்குளம். கடற்றொழிலும் வேளாண்மையும் இணைந்து வளர்த்த ஊர் அது. இவ்விரு தொழில்களுக்கும் பொதுவான ஊர்தி உழவு இயந்திரமும் அதன் பின்னால் கொழுவப்படும் பெட்டியுமாகும். நெல்மூடையும் விறகும் வலையும் அப்பெட்டியில் ஏறுகின்றன. வேலைக்குச் செல்லும் மனிதரும் ஏறுகின்றனர். 2007 செப்டம்பரில் முள்ளிக்குளத்து மக்கள் தம் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு உழவு இயந்திரப் பெட்டியே வீடாகவும் இருந்தது. எமது மக்களின் வாழ்வோடு இத்துணை நெருங்கிய இப்பொருள், ஓடும்போது இழுவை வண்டியிலிருந்து கழன்றுவிட்டால் அதனை நிறுத்துவது எது என்ற வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அவ்வினாவுக்குரிய விடையையும், அவ்விடையின் உயிர்நாடியான சிறிய மின்கலவடுக்கையும் இங்கு நோக்குவாம்.

1. சமநிலமும் அபாயமும்

மன்னார்க் கரையோரம் மேடுபள்ளம் குறைந்த நிலம். 'இங்கே பெட்டி உருண்டோட மலையா இருக்கிறது?' என்று கேட்போர் உளர். கணக்கு வேறுவிதமாகக் கூறுகின்றது. சுமையுடன் 1000 கிலோகிராம் நிறையுள்ள பெட்டியொன்று மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும்போது கழல்கின்றதெனக் கொள்வோம். அதன் இயக்கசக்தி ஏறத்தாழ 62,000 யூல். தார்வீதியில் சில்லுகளின் உருளல் எதிர்ப்பு நிறையின் ஐம்பதில் ஒரு பங்கெனக் கொண்டால், தடுப்பற்ற அப்பெட்டி தானே ஓய்ந்து நிற்பதற்கு 300 மீற்றருக்கு மேற்பட்ட தூரம் வேண்டும். சாதாரண வலுவுள்ள தடுப்பொன்று இயங்கினால் அதே பெட்டி ஏறத்தாழ 20 மீற்றரில் நின்றுவிடும். இவ்விரு தூரங்களுக்கும் இடையிலேதான் எதிரே வரும் துவிச்சக்கரவண்டியும் வீதியோரம் நடக்கும் பள்ளிப்பிள்ளையும் இருக்கின்றனர். வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

2. இரு கோட்பாடுகள்

பிரிந்த வண்டியை நிறுத்தும் சிக்கலை முதலில் எதிர்நோக்கியது புகையிரதமாகும். 1869இல் ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் அமைத்த முதலாவது காற்றுத் தடுப்பில், அமுக்கிய காற்றை அனுப்பினாற்றான் தடுப்பு இயங்கும். குழாய் அறுந்தால் தடுப்பே இல்லை. 1872இல் அவர் இம்முறையைத் தலைகீழாக்கினார். குழாயில் அமுக்கம் நிலைத்திருக்கும்வரை தடுப்பு விலகி நிற்கும். அமுக்கம் குறைந்தால் ஒவ்வொரு பெட்டியிலும் சேமிக்கப்பட்டுள்ள காற்று தானாகவே தடுப்பை அழுத்தும். இவ்வேறுபாட்டின் விலையை 1889 ஜூன் 12இல் அயர்லாந்தின் ஆர்மா நகரருகே மக்கள் கொடுத்தனர். ஏற்றத்தில் நின்றுவிட்ட சுற்றுலாப் புகையிரதமொன்றின் பின்பகுதி கழற்றப்பட்டது. அதன் தடுப்பு தானியங்கும் வகையினதன்று. பின்னோக்கி உருண்ட பெட்டிகள் அடுத்துவந்த புகையிரதத்துடன் மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் சிறுவர். அதே ஆண்டில் நிறைவேறிய சட்டம் பயணிகள் புகையிரதங்களுக்குத் தானியங்கும் தடுப்பைக் கட்டாயமாக்கியது.

இதிலிருந்து நாம் பெறுவன இரு கோட்பாடுகள். ஒன்று, சக்தி இழந்தால் நிற்பது. மற்றையது, சக்தி இருந்தால் மட்டுமே நிற்பது. பாரவூர்திகளின் வில்விசைத் தடுப்பு முதலாவது வகையைச் சார்ந்தது. சிறிய இழுவைப்பெட்டிகளிற் பயன்படும் மின்தடுப்பு இரண்டாவது வகையைச் சார்ந்தது. அதனாலேயே அதற்கு மின்கலவடுக்கு வேண்டியதாகின்றது.

3. மின்தடுப்பின் இயக்கம்

மின்தடுப்பில் ஒவ்வொரு சில்லின் உருளைக்குள்ளும் ஒரு மின்காந்தம் உண்டு. மின்னோட்டம் பாய்ந்ததும் அது சுழலும் உருளையின் முகத்தைப் பற்றிச் சிறிது தூரம் இழுபட்டு, நெம்பொன்றை அசைத்துத் தடுப்புக்கட்டைகளை விரிக்கின்றது. வழமையான ஓட்டத்தில் இம்மின்னோட்டம் இழுவை வண்டியிலிருந்து வருகின்றது. பெட்டி கழன்றால் அவ்வழி அறுந்துபோகும். அவ்வேளையில் உதவுவதற்கே பெட்டியில் ஒரு சிறிய மின்கலவடுக்கும் ஓர் ஆளியும் பொருத்தப்படுகின்றன. ஆளியிலுள்ள ஆணி ஒரு கம்பியால் இழுவை வண்டியுடன் பிணைக்கப்பட்டிருக்கும். பெட்டி விலகும்போது ஆணி பிடுங்கப்பட, சுற்று மூடப்பட்டு மின்காந்தங்கள் உயிர்பெறும். அக்கம்பியைக் கொழுவியிலோ காப்புச் சங்கிலியிலோ கட்டலாகாது. இழுவை வண்டியின் சட்டத்திலேயே கட்டவேண்டும். கொழுவியே கழன்றுவிடின், அதிற் கட்டிய கம்பி எதனையும் பிடுங்காது.

காந்தமொன்று ஏறத்தாழ 3 அம்பியர் கொள்ளும். நான்கு சில்லுப் பெட்டிக்கு 12 அம்பியர் தேவை. 5 அம்பியர் மணிக் கொள்ளளவுள்ள மின்கலவடுக்கு ஏட்டுக்கணக்கில் 25 நிமிடம் தாங்கும். ஆயின் ஈய அமில மின்கலவடுக்கு விரைவாக மின்னிறங்கும்போது அதன் முழுக் கொள்ளளவும் கிடைப்பதில்லை. ஐக்கிய அமெரிக்க விதி இத்தகைய தடுப்பு குறைந்தது 15 நிமிடம் நிலைத்திருக்க வேண்டுமென்கின்றது. ஆகவே, அரைகுறையாக மின்னேறிய பழைய மின்கலவடுக்கு இத்தேர்வில் தேறாது.

4. மின்னேற்றத்திலுள்ள இடர்

'இழுவை வண்டியே ஓட்டத்தில் மின்னேற்றும்' என்பது பொது நம்பிக்கை. இது பாதியளவே உண்மை. இழுவை வண்டியின் மின்பிறப்பாக்கி 14.2 வோல்ற்றுத் தருகின்றதெனக் கொள்வோம். பெட்டியின் மின்கலவடுக்கிலிருந்து மின் பின்னோக்கி வடிந்துவிடாதிருக்க இடையில் ஓர் இருவாயி வேண்டும். சிலிக்கன் இருவாயி ஏறத்தாழ 0.7 வோல்ற்றை விழுங்கும். 1.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக்கம்பி 10 மீற்றர் சென்று மீள்வதாயின் அதன் தடை 0.23 ஓம். ஓர் அம்பியர் மட்டும் பாய்ந்தால் மின்கலவடுக்கை எட்டுவது 13.3 வோல்ற்று, மின்னேற்றம் மெதுவாக நிகழும், முழுமையடையாது. அதே கம்பியில் வேறு கருவிகளும் சேர்ந்து 5 அம்பியர் இழுத்தால் எஞ்சுவது 12.4 வோல்ற்றுக்கும் குறைவு. முழுதாக மின்னேறிய மின்கலவடுக்கின் அழுத்தமே ஏறத்தாழ 12.7 வோல்ற்றாகையால் மின்னேற்றம் நின்றேவிடும்.

இதற்குப் பரிகாரம் மூன்று. தடித்த கம்பியைத் தனிவழியாக இடுதல் ஒன்று. குறைந்த வீழ்ச்சியுள்ள இருவாயியையோ, அழுத்தத்தை உயர்த்தித் தரும் மின்னேற்றியையோ பயன்படுத்துதல் மற்றொன்று. மூன்றாவது, கொழுவியின் உலோகத்தொடுகையை நம்பாது, மீள்வழிக்கும் தனிக் கம்பி இடுதல். உப்புக்காற்று வீசும் கரையில் இம்மூன்றாவது மிக இன்றியமையாதது. செருகியின் ஊசிகளிற் படியும் பச்சைக் களிம்பே பல வோல்ற்றைத் தின்றுவிடும்.

காலக் கணக்கும் உண்டு. சிறு மின்னேற்றி அரை அம்பியர் தருமாயின், ஒரு மணிநேரப் பயணம் ஈட்டுவது அரை அம்பியர் மணியே. பெட்டியோ மாதக்கணக்கில் வேலியோரம் கிடக்கின்றது. வெப்பம் மிகுந்த சூழலில் தன்மின்னிறக்கம் விரைவாகும். வெறுமையாய்க் கிடக்கும் தகடுகளில் ஈயச் சல்பேற்றுப் பளிங்குகள் இறுகி, பின்னர் மின்னேற்றினாலும் கரையா. ஆதலின் பயணத்தை மட்டும் நம்பாது, வீட்டு மின்னேற்றியாலோ 5 உவாற்றுச் சூரியப் பலகையாலோ அதனைப் பேணுதல் நன்று. வெயிலுக்குப் பஞ்சமில்லாத மன்னாரில் பின்னையது பொருத்தமானது.

5. சோதித்தறிதல்

மின்னேற்றியின் பச்சை விளக்கு அழுத்தத்தைக் காட்டுமேயன்றிக் கொள்ளளவைக் காட்டாது. நோயாளியின் முகத்தைப் பார்த்து நாடியைக் கணிப்பது போன்றது அது. முறையான சோதனை எளிது. முதலில் இழுவை வண்டியின் செருகியைக் கழற்றுக. இன்றேல் அதன் தடுப்புக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதுறக்கூடும். பின்னர் ஆணியைப் பிடுங்கி, பெட்டியை மெதுவாக இழுத்துப் பார்க்க. சில்லுகள் இறுகிப் பற்றவேண்டும். அந்நிலையில் மின்கலவடுக்கின் அழுத்தத்தைப் பல்மானியால் அளந்தால், சுமையின்கீழ் அது தாங்குவதையும் தளர்வதையும் அறியலாம். காந்தங்கள் சூடேறாதிருக்க ஆணியை உடனே மீளச் செருகுக.

முடிவுரை

எமது உழவு இயந்திரப் பெட்டிகளிற் பெரும்பாலானவற்றில் மின்தடுப்பு மாத்திரமன்று, எத்தடுப்பும் இல்லை. அவற்றுக்கு மின்கலவடுக்கை விதந்துரைப்பது குடிசைக்கு மாடி கேட்பது போலாகலாம். பெட்டி கழலும்போது கம்பியொன்று கைத்தடுப்பை இழுத்துப் பூட்டும் பொறிமுறை உண்டு. மின் வேண்டாத அம்முறை எமது பட்டறைகளுக்கும் எட்டத்தக்கது. ஆகக் குறைந்தது, உறுதியான காப்புச் சங்கிலியேனும் வேண்டும். ஆர்மாவில் 80 உயிர்கள் போனபின்பே சட்டம் வந்தது. பெட்டியில் ஏறுவோர் உழைக்கும் மக்கள். வேறு ஊர்தி இல்லாமையால் ஏறுவோர். அவர்களின் பாதுகாப்பைச் சாரதியின் கவனத்திடம் மட்டும் ஒப்படைத்தல் தகாது. இணைப்பு அறுந்த கணத்திலும் இயங்குவதே பாதுகாப்பு. அக்கணத்துக்குரிய சக்தியை முன்கூட்டியே சேமித்து வைப்பது சமூகத்தின் கடனாகும்.