எரிமலைத் தீவில் ஒரு துறைமுக அறை

எங்கள் ஊர் குடிபாலா பக்கம் கரும்பும் உண்டு, பாறையும் உண்டு, கடல்தான் இல்லை. அதனால் மொரீஷியஸ் போனபோது போர்ட் லூயி துறைமுகத்தை ஒட்டிய விடுதியில்தான் அறை வேண்டுமென்று அடம்பிடித்தேன். ஜன்னலைத் திறந்தால் கப்பல்கள், முதுகுப்புறம் மலைத்தொடர்.

தீவே எரிமலை கக்கிப் போட்டதுதான். சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலிலிருந்து எழுந்தது. கியூர்பிப் ஊரில் ஓர் எரிமலை வாய், இப்போது சுற்றிலும் மரங்களோடு தூங்குகிறது. பழைய கட்டடங்களின் கறுப்புக் கல் நம்மூர்க் கருங்கல் அல்ல. தீக்குழம்பு உறைந்த பசால்ட்.

விடுதியிலிருந்து நடக்கும் தூரத்தில் ஆப்ரவாசி காட் என்ற பழைய இறங்குதுறை. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் தீவுக்கு வந்தார்கள். தமிழரும் தெலுங்கரும் அவர்களில் உண்டு. இங்கே கரையேறியவர்கள் மிதித்த கற்படிகளை இன்றும் பார்க்கலாம். 2006இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பலரும் வந்தது கரும்புத் தோட்டத்துக்கு. வெல்லம் காய்ச்சும் ஊர்க்காரனுக்கு அந்தப் படிகளைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது.

போவதென்றால் மே முதல் நவம்பருக்குள் போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் பயம்.

மாலையில் டால் பூரி வாங்கினேன். கடைக்காரரிடம் நீட்டிய நோட்டில் தமிழ் எழுத்து! ஒரு நிமிடம் கொடுக்க மனசே வரவில்லை.