சொந்தமாக ஒரு விமானம்: பெல்ட்டைப் பிடிக்கும் போல்ட்

சீட் பெல்ட்டின் ஒவ்வொரு முனையையும் விமானச் சட்டகத்தோடு பிணைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட். லண்டனில் வாழும் ஆலப்புழைக்காரர் அசோக் தாமரக்ஷன்போல ‘ஸ்லிங்’ கிட் வாங்கிப் பூட்டுபவருக்கு அதன் பருமனைப் பற்றிய கவலை இல்லை. கிட்டோடு வரும் வரைபடமே சொல்லிவிடும். தொடுபுழைப் பக்கத்து சஜி தாமஸ் தானே உருவாக்கிய சிறு விமானம் 2014இல் மணிமுத்தாறில் பறந்தது. அப்படி வடிவமைப்பையும் தானே செய்பவர் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

விமான போல்ட்டுகளில் ஏ.என். வரிசையே பரவலானது. எண் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கைக் குறிக்கும்: ஏ.என்.3 என்றால் 3/16 அங்குலம், ஏ.என்.4 என்றால் கால் அங்குலம். ஒரு தளத்தில் குறுக்கே வெட்டும் விசையை முன்னது சுமார் 960 கிலோ வரையிலும், பின்னது சுமார் 1,670 கிலோ வரையிலும் தாங்கும்.

சிறு விமானங்களுக்கான பழைய அமெரிக்க விதி, முன்னோக்கிய மோதலுக்கு 9 ஜி என்று வைத்தது. 77 கிலோ ஆள் அப்போது 693 கிலோவாக இழுப்பார். பிணைப்புக்கென 1.33ஆல் பெருக்கினால் 922. இடுப்புப் பெல்ட் மட்டும் இருந்தால் பக்கத்துக்கு 461. பெல்ட் 45 பாகையில் இறங்குவதால் இழுவிசை 650 ஆகும். ஏ.என்.3 போதும் என்று காகிதம் சொல்லும்.

ஆனால் 9 ஜி குறைந்தபட்சம்தான். 1954இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், ராக்கெட் வண்டிச் சோதனையில் 46 ஜியைத் தாங்கிப் பிழைத்தார். 1988இல் அமெரிக்க விதியில் சேர்ந்த இருக்கைச் சோதனை 26 ஜி கேட்டது. அதே ஆளுக்கு அது 2,000 கிலோ. வழக்கமான பங்கீட்டில் 60 சதவீதம் இடுப்புப் பெல்ட்டுக்கு, 40 சதவீதம் தோள் பெல்ட்டுக்கு. 1.33ஐயும் சேர்த்தால், 45 பாகைச் சாய்வோடு இடுப்பில் பக்கத்துக்கு 1,130 கிலோ, தோளில் 1,060 கிலோ. இரண்டிலும் ஏ.என்.3 தோற்கும், ஏ.என்.4 நிற்கும். மிச்சமாகும் எடையோ சில கிராம். அதற்காக மெல்லிய போல்ட் போடுவது வீண் சிக்கனம். பிராக்கெட் தளர்ந்து போல்ட் வளைய இடமிருந்தால் ஏ.என்.5 நல்லது.

இத்தனைக்குப் பிறகும் போல்ட் பெரும்பாலும் பலவீனமான கண்ணி அல்ல. 0.8 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஏ.என்.4ஐ நேரே மாட்டினால், 400 கிலோவைச் சற்றுத் தாண்டியதுமே துளை இழுபட்டுக் கிழியும். ஏ.என்.6 போட்டாலும் 700 கிலோ தாண்டாது. எனவே விசையைப் பல ரிவெட்டுகளுக்குப் பகிரும் எஃகு பிராக்கெட்டும் தடித்த ஒட்டுத் தகடும் வேண்டும். எஃகுக் குழாய்ச் சட்டகமானால் குழாய்கள் கூடும் முடிச்சில் பற்றவைத்த பட்டையே சரி. நெடுங்குழாயில் துளை போடுவது அதைப் பலவீனமாக்கும். துளையின் மையம் விளிம்பிலிருந்து போல்ட் விட்டத்தைப்போல் இரு மடங்காவது தள்ளியிருக்க வேண்டும்.

நீளத்திலும் கவனம் தேவை. வெட்டு விசை மரையில் விழக்கூடாது. மரையில்லாத வழவழப்பான பகுதியே பிராக்கெட்டுக்குள் உட்கார வேண்டும். முழு நீளமும் மரை போட்ட கடைச்சரக்கு இங்கே ஆகாது. பெல்ட் முனை போல்ட்டைச் சுற்றித் திரும்புமானால் நைலான் நட்டு கழன்றுவிடலாம். கோட்டர் பின் செருகிய காசில் நட்டுதான் போட வேண்டும்.

கொச்சியின் தேவரா போன்ற காயலோரத்தில் இன்னொரு தொல்லை உப்புக்காற்று. பாலம் தாண்டினால் வில்லிங்டன் தீவில் ஐ.என்.எஸ். கருடா கடற்படை விமானதளம். அங்கும் துருவோடு ஓயாத போர்தான். எஃகு போல்ட்டின் காட்மியம் பூச்சு தேய்ந்தால், அதைத் தொடும் அலுமினியமே முதலில் அரிக்கும். துளையோரம் வெள்ளைத் தூள் படியும். பிரைமர் ஈரமாக இருக்கும்போதே போல்ட்டைச் செருகினால் இது தள்ளிப்போகும். ஆண்டுச் சோதனையில் போல்ட்டைக் கழற்றித் துளையைப் பார்த்தே மறுபடி மாட்ட வேண்டும். கோட்டர் பின் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிது.