தரவுத்தளங்களில் பெருகும் நிகழ்ச்சிக் குறிப்புகள்

புனே நகரையடுத்த தாபோடியின் அருகே பவனா ஆறு முளா ஆற்றுடன் கலக்கின்றது. இத்தகையதோர் இடத்தில் நீர்மட்டம் அளக்கும் ஊழியர், மணிக்கொரு முறை அளவைக் குறிப்பதை விடுத்து, எழும் ஒவ்வோர் அலையையும் குறிக்கத் தொடங்கினால் என்னாகும்? வெள்ளம் வரும் நாளில் ஏட்டில் இடமிராது. எழுதியவற்றுள் வேண்டியதைத் தேடி எடுப்பதும் அரிதாகும். கணிப்பொறியில் தரவுத்தளத்தைப் பேணும் மென்பொருள்களுக்கும் இத்தொல்லை உண்டு.

இவை தம்முள் நிகழ்வனவற்றை ‘லாக்’ எனப்படும் குறிப்பேட்டில் எழுதி வருகின்றன. உதாரணமாக, போஸ்ட்கிரெஸ் என்னும் மென்பொருள் தொடக்க அமைப்பில் எச்சரிக்கை அல்லது அதற்கு மேற்பட்ட தரமுள்ள செய்திகளையே குறிக்கும். பிழையொன்றைத் தேடும்பொருட்டு எல்லா வினவல்களையும் எழுதுமாறு அதனைப் பணித்துவிட்டுப் பின்னர் மறந்துவிடுவதே பெரும்பாலும் தொல்லைக்குக் காரணம். வரிக்கு 200 பைட், விநாடிக்கு 100 வினவல் எனக் கொண்டால், நாளொன்றில் 172 கோடியே 80 லட்சம் பைட் சேர்ந்துவிடும். தரவும் குறிப்பும் ஒரே வட்டில் இருப்பின், வட்டு நிறைந்ததும் தரவுத்தளமே நின்றுவிடும்.

அந்நிலையில் பதற்றத்துடன் கோப்புகளை அழிப்பவர் மற்றொரு பேராபத்தை வரவழைக்கக்கூடும். மின்சாரம் தடைப்பட்டாலும் தரவு கெடாதிருக்கும்பொருட்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே எழுதி வைக்கும் வேறோர் ஏடும் உண்டு. அது முன்னாளில் ‘பிஜி எக்ஸ்லாக்’ என்னும் அடைவில் இருந்தது. பெயரில் ‘லாக்’ என்றிருந்தமையால், வேண்டாத குறிப்பென்று கருதிச் சிலர் அதனை அழித்துத் தரவுத்தளத்தையே இழந்தனர். ஆகவே 2017-இல் வெளிவந்த 10-ஆம் பதிப்பில் அப்பெயர் ‘பிஜி வால்’ என மாற்றப்பட்டது. எந்நெருக்கடியிலும் அவ்வடைவில் கை வைத்தலாகாது.

குறிப்பெழுதுவதையே நிறுத்திவிடுவதும் தகாது. இந்தியக் கணினி நெருக்கடிகாலக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த ஆணைப்படி, அரசு அலுவலகங்கள் உள்ளிட்ட நிறுவனங்கள் தம் கணிப்பொறி அமைப்புகளின் குறிப்புகளை 180 நாள்களுக்குப் பாதுகாத்தல் வேண்டும். கிழமைப் பெயரால் ஏழு கோப்புகள் வைத்து, அடுத்த வாரம் அவற்றின்மேலேயே எழுதும் எளிய முறை பலவிடங்களில் கையாளப்படுகின்றது. இடம் மிச்சமாவது உண்மையே. ஆனால் எட்டாம் நாள் தேடுவோருக்கு ஒன்றும் கிடைக்காது.

ஆதலின் முதற்கண் செய்யத்தக்கது, எச்செய்தி மிகுதியாகத் திரும்பத் திரும்ப வருகின்றதென எண்ணிப் பார்த்தல். பெரும்பாலும் ஒன்றிரண்டே ஏட்டை நிரப்பியிருக்கும். அவற்றின் காரணத்தைக் களைவது செய்தியை மறைப்பதினும் மேலானது. பின்னர், ஒரு விநாடிக்கு மேல் நீடிக்கும் வினவல்களை மட்டும் எழுதுமாறு வரம்பிடலாம். நாள்தோறும் புதுக் கோப்புத் தொடங்கி, பழையதைச் சுருக்கி வேறு வட்டுக்கு மாற்றுவது நலம். ஒரே வகை வரிகள் நிறைந்த இக்குறிப்புகள் நன்றாகச் சுருங்கும்.

மேற்கூறிய ஆணை, கணிப்பொறிக் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் நேரத்தோடு பொருத்துமாறும் கூறுகின்றது. இரு பொறிகளின் கடிகாரங்கள் மாறுபட்டிருப்பின், அவற்றின் குறிப்புகளை ஒப்பிட்டு எது முன்னர் நிகழ்ந்தது எனத் துணிதல் இயலாது.