தாராவியில் வீடு கட்ட கான்ட்ராக்டரா, சொந்தக் கையா?

மும்பை தாராவியின் பழைய வீடுகள் பெரும்பாலும் குடியிருந்தவர்களே எழுப்பியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழர்கள் சதுப்பு நிலத்தை மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கினார்கள். மூங்கில் கழிகளை நட்டு, சாக்கும் தகரமும் போர்த்திக் குடியேறினார்கள். இடித்தால் மறுபடி நடுவார்கள். 1976இல் குடிசைக் கணக்கெடுப்பு நடந்து புகைப்பட அட்டை வழங்கப்பட்ட பிறகு, இடிப்பார்கள் என்ற பயம் ஓரளவு தணிந்தது. துணிந்து செங்கல்லில் காசு போட ஆரம்பித்தார்கள். கான்ட்ராக்டருக்கும் வேலை வந்தது.

கழி நட்டுக் கூரை போடுவதை வீட்டார் செய்துகொள்ளலாம். இன்றைய மாடி வீடு அப்படியல்ல. நூறு, நூற்றைம்பது சதுர அடி மனையில் நிற்கும் அதன் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் இரும்புச் சட்டகம்தான். சுவர் வெறும் மறைப்பு. ஐ-பீம்களை இடைவெளி விட்டுப் பதித்து, மேலே கடப்பைக் கல் பரப்பி, அதன்மேல் கான்கிரீட் போடுவார்கள். ‘லாதி கோபா’ என்பது இதைத்தான். வெல்டிங் ஓரிடத்தில் பிசகினாலும் தளம் இறங்கலாம். பழைய சுவரை இடிக்கும்போது அதையே நம்பி நிற்கும் பக்கத்து வீட்டுக்கு முட்டுக் கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அஸ்திவாரம், சட்டகம், தளம் மூன்றையும் சொந்தக் கையில் எடுப்பது ஆபத்து. பூச்சு, தரைக்கல், வண்ணம், அலமாரி ஆகியவற்றில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம்.

கான்ட்ராக்டர் எங்கிருந்து வருகிறார் என்பது அவர் சொல்லும் தொகையைவிட முக்கியம். அதே வட்டாரத்துக்காரர் நாளைக்கும் அதே சந்தில் நடந்தாக வேண்டும். ஒழுகினால் வீட்டு வாசலில் போய்க் கேட்கலாம். லாரி நுழையாத சந்துகளில் மணலும் சிமென்டும் மெயின் ரோட்டிலிருந்து தலைச்சுமையாக வர வேண்டும். அந்த ஆட்கூலியும் இடிபாடு அள்ளும் செலவும் பேசிய தொகையில் அடங்குமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பணத்தை வேலை நகர நகரத் தவணையாகக் கொடுப்பதே நல்லது. இரும்பையும் சிமென்டையும் வீட்டார் நேரில் வாங்கிக் கொடுத்தால் தரத்தில் கைவைக்க இடமிருக்காது.

வேலையை மழைக்காலம் கழிந்து தொடங்கி, ஜூனுக்குள் முடித்துவிட வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் கொட்டிய மழையை மும்பை மறக்கவில்லை. வெள்ளம் புகாமலிருக்க, தரைமட்டத்தைச் சந்தின் மட்டத்தைவிட உயர்த்துவது அவசியம். ஆனால் குடிசைப் பகுதி வீடுகளுக்கு மாநகராட்சி வைத்த 14 அடி உயர வரம்பில் அந்த உயரமும் கழிந்துவிடும்.

இன்று எல்லாவற்றுக்கும் முன்பாக நிற்பது மறுசீரமைப்புத் திட்டம். 2022இல் அதானி குழுமம் ஏலத்தில் வென்ற இத்திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டுக்காரர்களுக்கே தாராவிக்குள் 350 சதுர அடி இலவச வீடு. மாடியில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இப்போது புதிதாக மாடி எழுப்புவதில் போடும் பணம் இலவச வீடாகத் திரும்பி வராது. ஒழுகும் கூரையை மாற்றுங்கள், தளத்தைப் பலப்படுத்துங்கள். மாடி கட்டுவதென்றால், இத்திட்டத்துக்கான கணக்கெடுப்பில் உங்கள் வீடு எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்க்காமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.